ஆம்புலன்ஸ்காரருக்கு ஒரு நடுகல்

2020 மார்ச் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ஆரிஃப் கான் தன் வீட்டில் படுத்துத் தூங்கவில்லை. டெல்லி சீலம்பூரில் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். அவரோ ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்திலேயே பாயை விரித்துக்கொண்டார். வண்டியில் ஏற்றி இறக்கும் நோய் பிள்ளைகளிடம் போய்விடக் கூடாது என்ற பயம். ஆறு மாதம் பேச்செல்லாம் ஃபோனில்தான்.

அவர் வேலை பார்த்தது ஷஹீத் பகத் சிங் சேவா தளம் என்ற தன்னார்வ அமைப்பில். காசு வாங்காமல் ஆம்புலன்ஸ் அனுப்புவதும், கேட்பாரற்ற உடல்களுக்கு இறுதிக் காரியம் செய்வதும் அந்த அமைப்பின் பணி. கால் நூற்றாண்டாக அங்கே வண்டி ஓட்டியவர் ஆரிஃப். கொரோனா வந்ததும் நோயாளிகளை மருத்துவமனைக்கும், இறந்தவர்களைச் சுடுகாட்டுக்கும் இடுகாட்டுக்கும் கொண்டுபோனார். சுமார் 200 உடல்கள் என்று செய்திகள் சொல்லின. உறவினர் வராத இடத்தில், இறந்தவர் இந்துவானால் சிதைக்குப் பக்கத்திலும் அவரே நின்றார். கட்டணம் கட்ட வழியில்லாத குடும்பத்துக்குத் தன் பையிலிருந்து கொடுத்தார். அவருடைய மாதச் சம்பளம் 16,000 ரூபாய்.

அக்டோபர் 10ஆம் தேதி காலையில் இந்து ராவ் மருத்துவமனையில் அவர் இறந்தார். வயது 48. அடக்கத்தை முன்னின்று நடத்தியவர் அமைப்பின் நிறுவனர் ஜிதேந்தர் சிங் ஷண்டி. சொந்தக் குடும்பம் தூரத்தில் நின்று சில நிமிடம் பார்த்தது. அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடு இரங்கல் தெரிவித்தார். இரண்டு நாள் நாளிதழ்களில் பெயர் வந்தது. அத்தோடு சரி.

இப்படி ஒரு மரணத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது? அனுதாபம் தெரிவித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய கேள்வியல்ல இது. ஊர் பேர் தெரியாத ஒருவருக்காக உயிரைக் கொடுப்பது எல்லாச் சமயங்களும் தொட்டுப் பேசிய விஷயம். கொடுத்தவரை எப்படி நினைப்பது, நினைப்பவர்களின் கடமை என்ன என்ற கேள்விக்கும் அவை பதில் தேடியிருக்கின்றன. பழைய பதில்கள் இன்று நாம் சொல்லும் பதிலைவிடக் கண்டிப்பானவை.

ஆரிஃப் கானின் சமயமான இஸ்லாம் கொள்ளைநோயை அதன் தொடக்கக் காலத்திலேயே நேருக்கு நேர் பார்த்துவிட்டது. பொ.ஆ. 639ஐ ஒட்டிப் பாலஸ்தீனத்தின் அம்வாஸில் பிளேக் பரவியது. படைத்தளபதி அபூ உபைதா அங்கே இருந்தார். கலீஃபா உமர் அந்தப் பகுதிக்குப் புறப்பட்டு, நோய்ச் செய்தி கேட்டுப் பாதி வழியில் திரும்ப முடிவெடுத்தார். இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா கேட்டதாகவும், அவன் விதித்த ஒன்றிலிருந்து அவனே விதித்த இன்னொன்றுக்குத்தான் போகிறேன் என்று உமர் பதில் சொன்னதாகவும் ஹதீஸ் மரபு பதிவு செய்கிறது. நோயுள்ள ஊருக்குள் போகாதே, அங்கே இருந்தால் வெளியேறாதே என்ற நபிமொழியும் அப்போது நினைவுகூரப்பட்டது. அபூ உபைதா தன் ஆட்களோடு இருந்து அந்த நோயிலேயே இறந்தார். பிளேக்கில் இறந்தவரை ஷஹீத், அதாவது உயிர்த்தியாகி என்று ஏற்கும் ஹதீஸ்களும் உண்டு.

திரும்பிப் போனவரை அந்த மரபு கோழை என்று சொல்லவில்லை. இருந்து இறந்தவரை அசட்டுத் துணிச்சல்காரர் என்றும் சொல்லவில்லை. ஒருவருக்கு ஆட்சிப் பொறுப்பு, இன்னொருவருக்குப் பக்கத்தில் கிடப்பவர்களின் பொறுப்பு. எல்லாம் விதி என்று கையைக் கட்டிக்கொள்வதற்கு மட்டும் அங்கே இடமில்லை. காப்பு இருந்தால் தேடிக்கொள்ள வேண்டும். தேடிய பிறகும் மரணம் வந்தால் அதற்குத் தனி மரியாதை உண்டு. ஆம்புலன்ஸில் ஏறுகிற எவருக்கும் பொருந்தும் சிந்தனை இது.

கிறிஸ்தவ மரபிலும் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவைக் கொள்ளைநோய் வாட்டியபோது, நோயாளிகளைத் தொட்டுத் துடைத்து, இறந்தவர்களைக் குளிப்பாட்டி, அதே நோயில் போனவர்களைப் பற்றி ஆயர் டயோனிசியஸ் ஒரு கடிதம் எழுதினார். விசுவாசத்துக்காக வாளுக்கு இரையானவர்களுக்கு இவர்கள் எந்த வகையிலும் குறைந்தவர்கள் அல்ல என்பது அவர் கணிப்பு. சபைக்கு அன்று அது சாதாரண வார்த்தையாக இருந்திருக்காது. வாளுக்கு முன் நின்றவர்களைக் கொண்டாடிப் பழகிய கூட்டத்திடம், நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்தவர்களையும் அதே வரிசையில் வைக்கச் சொன்னார் அவர்.

நம் நாட்டில் இந்த வரிசையில் முதலில் வர வேண்டிய பெயர் சாவித்ரிபாய் பூலே. 1897இல் புனேயைப் பிளேக் பிடித்தபோது அவருக்கு வயது 66. வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். ஊருக்கு வெளியே சிகிச்சை முகாம் நடத்தினார். முண்ட்வாவின் மகர் குடியிருப்பில் நோய் கண்ட ஒரு சிறுவனைச் சாவித்ரிபாய் தன் முதுகில் சுமந்து அங்கே கொண்டுபோனார். ஸ்ட்ரெச்சர் இல்லை, வண்டி இல்லை. நோயும் சாதியும் சேர்ந்து தொடக் கூடாதவன் என்று ஒதுக்கிய உடல் அவர் முதுகில் இருந்தது. நோய் அவருக்கும் ஒட்டியது. மார்ச் 10ஆம் தேதி இறந்தார். தமிழ்நாட்டில் அவர் பிறந்த நாளான ஜனவரி 3 பல மேடைகளில் கொண்டாடப்படுகிறது. பெண் கல்விக்கு வழி திறந்தவர் என்ற அந்தப் புகழ் நியாயமானது. ஆனாலும் அவர் வாழ்வின் முழுச் சித்தாந்தமும் அந்த நடையில் இருக்கிறது என்று தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்கப் பேசிய சமத்துவத்தை அவர் கடைசியாக நிறைவேற்றிய இடம் தன் முதுகு.

சென்னையின் கணக்கு வேறு மாதிரி. 2020 மார்ச் 22ஆம் தேதி மாலை தட்டு தட்டினோம். மருத்துவப் பணியாளர்கள் தெய்வங்கள் என்றோம். நான்கு வாரம் கழித்து ஏப்ரல் 19ஆம் தேதி, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு உடல் போனபோது ஒரு கூட்டம் தடுத்தது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, கூட வந்தவர்களுக்கு மண்டை உடைந்தது. குடும்பம் உடலை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அவருடைய நண்பரான எலும்பு சிகிச்சை மருத்துவர் பிரதீப் குமார், நொறுங்கிய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு, இரண்டு மருத்துவமனை ஊழியர்களோடு நள்ளிரவுக்கு மேல் திரும்ப வந்தார். போலீஸ் காவலுக்கு நிற்க, மண்வெட்டி பிடித்து மண் தள்ளி நண்பரைப் புதைத்தார். அதற்கு ஒரு வாரம் முன்பு, சென்னையில் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூரில் எரிக்க விடாமல் தடுத்ததும் நம் மக்கள்தான். மே 3ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் சென்னை மருத்துவமனைகளின் மேல் பூத் தூவின.

தட்டு, கல், பூ. ஆறு வாரத்துக்குள் மூன்றும் நடந்தன. இந்த ஊரைக் கெட்ட ஊர் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடாது. தெய்வம் என்று உயர்த்தி வைப்பதும், தொடாதே என்று விரட்டுவதும் ஒரே பயத்தில் பிறந்தவை. இரண்டிலும் எதிரே நிற்பவர் மனிதர் என்பது மறந்துபோகிறது. தெய்வத்துக்குக் கவச உடை தேவையில்லை, காப்பீடு தேவையில்லை, எட்டு மணி நேரத் தூக்கமும் தேவையில்லை. பூத் தூவினால் போதும்.

ஆனால் இறந்தவரைத் தெய்வமாக்குவதில் தமிழருக்கு நீண்ட பழக்கம் உண்டே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்த்தால் இன்றைய பூமாரிக்கும் அதற்கும் உள்ள தூரம் தெரியும்.

ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். தொல்காப்பியம் அதன் படிகளைச் சொல்கிறது: கல்லைத் தேர்ந்து காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கற்களில் தமிழ் பிராமி எழுத்தே இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். அவற்றைப் படிக்கிறவருக்கு முதலில் வியப்பூட்டுவது அவற்றின் சிக்கனம். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், பெயர் என்ன, எந்த மாட்டை மீட்கும்போது விழுந்தான் என்ற விவரங்கள் இருக்கும். மகேந்திரவர்மன் காலத்து எடத்தனூர்க் கல்லில் வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர்களைக் கடித்து எசமானுக்குக் காவலாக நின்றதாம். நாயின் பெயரைக்கூட விட்டுவிடாத ஊர் அது.

இன்னொன்று. விழுந்தவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்று கல்வெட்டுகள் அந்த மானியத்தைக் குறிக்கின்றன. சிந்திய இரத்தத்துக்கு ஈடாக ஊர் தரும் காணி. கல்லும் காணியும் சேர்ந்ததுதான் அந்த நினைவு. பூசை ஒரு பக்கம் நடந்தது, பிள்ளைகள் சாப்பிட வழி இன்னொரு பக்கம் இருந்தது. ஊருக்காகச் செத்தவனைத் தெய்வமாக்கிய சமூகம் அவனுக்குத் தான் கடன்பட்டிருப்பதை அறிந்திருந்தது. ஆண்டுதோறும் படையல் வைப்பதே அந்தக் கடனை ஒத்துக்கொள்வதுதான்.

இதற்கு எதிரே 2020 செப்டம்பரை வைத்துப் பாருங்கள். கொரோனாவில் இறந்த மருத்துவப் பணியாளர்களின் விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை, சுகாதாரம் மாநிலப் பொருள் என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. இந்திய மருத்துவச் சங்கம் கொதித்துப்போய், இறந்த 382 மருத்துவர்களின் பட்டியலைத் தானே வெளியிட்டது. மருத்துவர்களுக்குச் சங்கம் இருந்தது, பட்டியலும் வந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டியவர், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர், பிணவறைக்கு வெளியே காத்திருந்து உடலைக் குழியில் இறக்கிய தன்னார்வலர் ஆகியோருக்கு யார் பட்டியல் போடுவது? தமிழ்நாட்டில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் கொரோனாவின் இரண்டு ஆண்டுகளில் எல்லா மதத்தவர் உடலையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அவர்களில் பலரின் பெயர் பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாது.

இந்தப் பாகுபாடு பழையது. 1899இல் போயர் போர் வந்தபோது தென்னாப்பிரிக்காவில் காந்தி இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். சுமார் 1,100 பேர். அவர்களில் ஏறத்தாழ 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஸ்பியான் காப் போர்க்களத்திலிருந்து காயம்பட்டவர்களை டோலியில் வைத்து நாளுக்கு இருபது மைலுக்கு மேல் சுமந்தார்கள். போர் முடிந்ததும் தலைவர்களாக இருந்தவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. தோள் கொடுத்த கூலிகள் எண்ணிக்கையாக மட்டும் மிஞ்சினார்கள்.

கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற புலவர் இந்த உலகம் ஏன் இன்னும் அழியாமல் இருக்கிறது என்று புறநானூற்றில் யோசிக்கிறார். தமக்கென வாழாமல் பிறருக்காக முயல்கிறவர்கள் இருப்பதால்தான் என்பது அவர் கண்ட விடை. அவர்களுக்குப் புகழில் ஆசை உண்டு, அதற்காக உயிரும் தருவார்கள் என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். இந்த இடத்தில் புலவரோடு கொஞ்சம் மாறுபட வேண்டியிருக்கிறது. ஆரிஃப் கானுக்குப் புகழ் கிடைக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. செத்த பிறகுதான் நாட்டுக்கு அவர் பெயர் தெரிந்தது. சாவித்ரிபாய்க்குப் புகழ் முன்பே வந்துவிட்டது. அந்தச் சிறுவனைச் சுமந்ததால் கூடுவதற்கு ஏதுமில்லை. புகழை எடுத்துவிட்டாலும் அந்தக் காரியம் அப்படியே நிற்கிறது.

சம்பளம் வாங்கியவரைத் தன்னார்வலர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். காசு வாங்காமல் செய்வதுதான் சேவை என்ற எண்ணம் நம் கோயில் தொண்டு முதல் ரத்ததான முகாம் வரை ஊறியிருக்கிறது. ஆரிஃபின் அந்த 16,000 ரூபாய் வண்டி ஓட்டியதற்கான கூலி. பிள்ளைகளைப் பிரிந்து வண்டி நிறுத்துமிடத்தில் படுத்ததற்கும், முகம் தெரியாதவரின் சிதைக்கருகே மகன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றதற்கும் யாரும் விலை பேசவில்லை. அங்கே அவர் தானாகத்தான் போனார். தவிர, ஏழையின் தொண்டு கூலியோடு சேர்ந்துதான் வர முடியும். கூலி வாங்காமல் தொண்டு செய்ய முதலில் வீட்டில் அரிசி இருக்க வேண்டும்.

இதெல்லாம் டெல்லியிலும் புனேயிலும் நடந்தவை என்று சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அடுத்த ஊரான மூவரசம்பட்டில் 2023 ஏப்ரல் 5ஆம் தேதி, பங்குனி உத்திரத் தீர்த்தவாரியின்போது, நங்கநல்லூர் தர்மலிங்கேஸ்வரர் கோயில் உற்சவத்துக்குத் தொண்டு செய்ய வந்த ஐந்து இளைஞர்கள் குளத்தில் மூழ்கி இறந்தார்கள். எல்லாரும் இருபதை ஒட்டிய வயது. சுவாமியோடு நீரில் இறங்கியவர்களில் ஒருவர் ஆழத்தில் சிக்க, காப்பாற்றப் போனவர்களும் சிக்கினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. பக்கத்தில் நின்றவன் தடுமாறுகிறான், கை நீள்கிறது. மருத்துவ உதவி என்ற வார்த்தை பிறப்பதற்கு முன்பே இருந்த உதவி அது.

அந்த வாரம் பலர் சொன்ன ஆறுதல், பெருமாளும் ஈசனும் தங்களோடு அழைத்துக்கொண்டார்கள் என்பது. பெற்றவர்களின் நெஞ்சுக்கு அந்த வார்த்தை மருந்தாக இருந்தால் அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஊராருக்கு அது மருந்தல்ல, ஒளிந்துகொள்ளும் இடம். குளத்தின் ஆழம் அளந்து கயிறு கட்டியிருந்தார்களா, மிதவை இருந்ததா, நீச்சல் தெரிந்தவர் கரையில் நின்றாரா என்று கேட்பது பக்திக் குறைவு ஆகாது. உமர் பாதி வழியில் திரும்பியதும் இந்தக் கேள்வியால்தான். காத்துக்கொள்ளக் கிடைத்த வழியும் இறைவன் தந்ததே என்று நம்புகிறவர் கயிறு கட்டாமல் சுவாமியை நீரில் இறக்க மாட்டார். அரசு தலா 2 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பல்லவர் காலத்து ஊர் கொடுத்த காணி தலைமுறைக்கு விளைந்திருக்கும்.

கீழ்க்கட்டளையிலிருந்து சற்றுத் தூரத்தில் இன்னொரு வகை நினைவும் இருக்கிறது. தாம்பரம் சானடோரியம். காசநோயாளியைக் கண்டால் ஊர் ஒதுங்கிய 1928இல், டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய மருத்துவமனை. பிறகு அரசு அதை ஏற்றது. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பல மருத்துவமனைகள் கதவைச் சாத்தியபோதும் இந்த வாசல் திறந்திருந்தது. ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர். தினமும் அங்கே இறங்கி ஏறுகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்தத் துணிச்சலின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கட்டடமும் படுக்கையும் மருந்தும் ஓயாமல் நடப்பதே அங்கே படையல்.

பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் மாலை நெரிசலில் சைரன் கேட்டால் வண்டிகள் ஒதுங்குகின்றன. சில ஒதுங்குவதில்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவையில் இருப்பவர்களும், கட்சிகள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், ரசிகர் மன்றங்கள் நடத்தும் ஆம்புலன்ஸ்களில் போகிறவர்களும் இந்தச் சாலையிலேயே ஓடுகிறார்கள். அரசுப் பணியில் இருப்பவருக்குக் குறைந்தபட்சம் ஒரு அடையாள எண் உண்டு. தொண்டு அமைப்பின் வண்டியில் ஏறும் பையனுக்கு அதுவும் இருக்காது. இரத்தம் தொடுகிறவருக்கு மூன்று தவணை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அவசியம், அவனுக்குப் போட்டார்களா? கையுறை இருக்கிறதா? விபத்துக் காப்பீட்டில் அவன் பெயர் ஏறியிருக்கிறதா? இன்று ராத்திரி எந்த வண்டியில் யார் போனார் என்று நோட்டில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இவற்றை அந்தப் பையன் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டியவர்கள் தாம்பரம் மாநகராட்சியும், அந்த வண்டிக்கு நன்கொடை கொடுக்கிறவர்களும், அதன் பக்கவாட்டில் தங்கள் பெயரையும் படத்தையும் பெரிதாக ஒட்டிக்கொள்கிறவர்களும்தான்.